குற்ற வழக்கில் சிக்கிக் கூர்நோக்கு இல்லம் போகும் பையன்களுக்கு அந்தக் ‘கெத்து’ எங்கிருந்து வருகிறது?

பொருநைக்கரை வாத்தியார்

2025 ஏப்ரலில் பாளையங்கோட்டையில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் கூடப் படிக்கிறவனை வகுப்பறைக்குள்ளேயே அரிவாளால் வெட்டினான். தடுக்கப் போன ஆசிரியைக்கும் காயம். அதற்கு முன் 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள். ஒவ்வொரு தடவையும் டீக்கடையிலும் தொலைக்காட்சியிலும் ஒரே பேச்சுதான்: “வளர்ப்பு சரியில்ல”, “போன் கெடுத்துப்போச்சு”, “வாத்தியார் கையில பிரம்பு இல்ல”.

நான் திருநெல்வேலிப் பக்கம் அரசுப் பள்ளியில் வெகுகாலம் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவன். இந்த மூன்று பதிலும் எனக்குப் போதவில்லை. பிரம்பு இருந்த காலத்திலும் வெட்டு இருந்தது, போன் வராத காலத்திலும் இருந்தது.

பார்த்ததைச் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்புக்கு ஜூன் மாதம் புதிதாக வருகிற பையன் வெறுங்கையோடு வருவான். முதல் வாரம் எந்த பெஞ்சிலும் உட்காருவான். அப்புறம் மணிக்கட்டில் ஒரு கயிறு ஏறும். கலரைப் பார்த்தே எந்தத் தெரு, எந்தச் சாதிப் பிள்ளை என்று சொல்லிவிடலாம். காலாண்டுத் தேர்வு லீவு முடிந்து வரும்போது பெஞ்சு மாறியிருக்கும். தண்ணீர்க் குழாயில் யாருக்குப் பின்னால் நிற்கிறான் என்பதும் மாறியிருக்கும். சைக்கிளில் ஸ்டிக்கர், சட்டையின் மேல் பட்டன் இரண்டு திறந்து உள்ளே தலைவர் படம் போட்ட பனியன். கூப்பிட்டுக் கேட்டால் “அண்ணன்மாரு குடுத்தாங்க சார்” என்பான். அந்த அண்ணன் பிளஸ் டூ படிப்பவனாக இருப்பான், இல்லையென்றால் படிப்பை விட்டுவிட்டு ஊரில் சும்மா இருப்பவன்.

கயிறு ஏறிய பிறகு அந்தப் பையனை யாரும் சீண்டுவதில்லை. அதுவரை கணக்கில் ஒற்றை இலக்க மார்க் வாங்கிக்கொண்டு, ஆசிரியர் உட்பட யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடாத பிள்ளை. இப்போது டவுன் பஸ்ஸில் அவனுக்கு இடம் பிடித்து வைக்கிறார்கள். ‘நான் யார்’ என்று தேடுகிற வயசு. படிப்பு அவனுக்குப் பதில் சொல்லவில்லை, பள்ளியில் மைதானமே கிடையாது, வீட்டில் பேச நேரமில்லை. தெரு பதில் சொல்லிவிட்டது. கூடவே அந்தத் தெருவின் பகையையும் அவன் தலையில் ஏற்றிவிட்டது.

தண்டனையைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டார்கள். இந்தப் பகுதியைப் பற்றிப் பேசலாமா? பிள்ளைகளோடு பழகியவர்கள் எழுதுங்கள்.

வியாசர்பாடி வாசகன்

வணக்கம் சார். எங்கள் பக்கம் கயிறு கிடையாது, ‘ரூட்டு’ உண்டு. கல்லூரிக்குப் போகிற பஸ் ரூட்டுக்கு ஒரு ‘தல’ இருப்பான். யார் ஃபுட்போர்டில் நிற்பது, யார் பாட்டுப் பாடித் தாளம் போடுவது, எந்த நிறுத்தத்தில் அடுத்த கல்லூரிக்காரனை இறங்க விடக் கூடாது, எல்லாம் அவன் சொல்வதுதான். 2019 ஜூலையில் அரும்பாக்கத்தில் பட்டப்பகலில் பஸ்ஸை மறித்துப் பட்டாக்கத்தியோடு ஏறினார்களே, அது இந்த வகைதான். 2024 அக்டோபரில் சென்ட்ரல் ரயில் நிலையம் அருகே அடிபட்டு ஒரு மாணவன் செத்தே போனான். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைகள் சார் இவர்கள். வீட்டில் அப்பா மூட்டை தூக்குகிறார், அம்மா வீட்டு வேலைக்குப் போகிறார்.

ரூட்டுக்கு வருகிறவன் கல்லூரியில் உருவாவதில்லை. பத்தாவது படிக்கும்போதே அவனை ஏரியா உருவாக்கிவிடுகிறது. எங்கள் தெருவில் ஒரு பெரிய ‘அண்ணன்’ ஜெயிலிலிருந்து வந்தால் ஃப்ளெக்ஸ் வைப்பார்கள், பட்டாசு வெடிக்கும். ஃப்ளெக்ஸின் அடிப்பகுதியில் வரிசையாகச் சின்னச் சின்ன முகங்கள் இருக்கும். தன் முகம் அந்த வரிசையில் வர வேண்டும் என்று ஆசைப்பட்ட பையன்களை எனக்கு நேராகத் தெரியும். இருநூறு, ஐந்நூறு என்று பங்கு போட்டு அந்த இடத்தை வாங்குவார்கள். 2018-இல் பூந்தமல்லிப் பக்கம் ஒரு ரவுடி அரிவாளால் கேக் வெட்டிய பிறந்தநாளில் எழுபதுக்கு மேற்பட்டவர்களைப் போலீஸ் மொத்தமாகப் பிடித்தது. அதற்கப்புறம் அரிவாளால் கேக் வெட்டுவது நின்றிருக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் அதைச் செய்து வீடியோ போட ஆரம்பித்தார்கள். போலீஸ் பிடிப்பதும் அந்த மரியாதையில் ஒரு பகுதியாகிவிட்டது.

நியாயம் கேட்பவள்

மன்னியுங்கள், இந்த இழையில் இரண்டு நீண்ட பதிவு வந்தாயிற்று. வெட்டுப்பட்ட பிள்ளையைப் பற்றி ஒரு வரி இல்லை.

நாங்குநேரியில் என்ன நடந்தது? தொந்தரவு தாங்காமல் அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போவதையே நிறுத்தினான். பள்ளியில் விசாரித்தபோது யார் யார் என்று சொன்னான். சொன்னதற்காக வீடு புகுந்து வெட்டினார்கள். குறுக்கே விழுந்த தங்கச்சிக்கும் வெட்டு. அதற்கப்புறமும் 2024-இல் பிளஸ் டூவில் 600-க்கு 469 எடுத்தான். அவனுக்கும் அதே வயசு. ‘நான் யார்’ என்ற கேள்வி அவனுக்கும் இருந்திருக்கும். அவன் அரிவாளைத் தூக்கவில்லையே?

பதினேழு வயசுக்காரன் திட்டம் போட்டு வெட்டுகிறான், அவனுக்கு மூன்று வருஷம் இல்லம், பிறகு எதுவுமே நடக்காத மாதிரி வெளியே வருகிறான். இதைப் புரிந்துகொள்ளச் சொன்னால் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

உயர்நீதிமன்ற வளாகம்

மேலே சகோதரி கேட்டதற்குச் சட்டப் பக்கம் சொல்கிறேன். மூன்று வருஷம்தான் என்பது இப்போது முழு உண்மை இல்லை. இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 15: பதினாறு முடிந்து பதினெட்டு ஆகாதவன் கொடுங்குற்றம் செய்திருந்தால், அதாவது குறைந்தபட்சத் தண்டனையே ஏழு வருஷம் அல்லது அதற்கு மேல் உள்ள குற்றம் என்றால், சிறார் வழக்குகளைப் பார்க்கும் இளைஞர் நீதிக் குழுமம் ஒரு முதற்கட்ட மதிப்பீடு செய்யும். உடல், மனத் திறன் இருந்ததா, விளைவு தெரிந்து செய்தானா, எந்தச் சூழ்நிலையில் செய்தான் என்று பார்க்க வேண்டும். தேவை என்று பட்டால் வழக்கு குழந்தைகள் நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே பெரியவர்களுக்கான தண்டனையே வரலாம். தூக்கும், விடுதலைக்கே வழியில்லாத ஆயுள் தண்டனையும் மட்டும் கிடையாது.

இந்த இழைக்குச் சம்பந்தம் உள்ளது அந்தச் சூழ்நிலை என்கிற பகுதி. ஒவ்வொரு பையனுக்கும் நன்னடத்தை அலுவலர் சமூக விசாரணை அறிக்கை ஒன்று தர வேண்டும். வீடு, வருமானம், பள்ளியை விட்ட காரணம், நண்பர்கள் யார், பொழுது எப்படிப் போகிறது, அக்கம்பக்கம் என்ன சொல்கிறது என்று எல்லாவற்றுக்கும் படிவத்தில் இடம் இருக்கிறது. வாத்தியார் ஐயா சொன்ன கயிற்றுக் கதை முழுக்க அதில் எழுதலாம். நான் பார்த்த கோப்புகளில் பல ‘கூடா நட்பு’ என்று ஒரே சொல்லோடு முடிந்தவை. நட்பு எங்கே தொடங்கியது, எந்த அண்ணன், அவருக்கு என்ன லாபம் என்று யாரும் எழுதுவதில்லை. ஒரு மாவட்டத்துக்கே விரல் விட்டு எண்ணக்கூடிய அலுவலர்கள்தான். அவர்களையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது.

2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், இந்த மதிப்பீட்டை ஏனோதானோ என்று செய்யக் கூடாது, உளவியல் தெரிந்தவர்களின் உதவி வேண்டும் என்று கண்டித்துச் சொன்னது. பெரியவனாக விசாரிக்கப்பட்டவனை 21 வயசு வரை பாதுகாப்பு இல்லத்தில்தான் வைக்க வேண்டும். 21 ஆனதும் அவன் திருந்தியிருக்கிறானா, சமூகத்துக்குப் பயன்படுவானா என்று நீதிமன்றம் மறுபடி பார்த்துத்தான் சிறைக்கு அனுப்புவதா, விடுவதா என்று முடிவு செய்யும். அந்த இடைப்பட்ட வருஷங்களில் அவனுக்கு யார் என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்பது சகோதரிக்கும் முக்கியம்தானே? அவன் திரும்பி வரப்போவது நம் தெருவுக்குத்தான்.

பஞ்சர் கடை

நான் உள்ளே இருந்துவிட்டு வந்தவன். பெரிதாக எழுத வராது, தெரிந்ததை எழுதுகிறேன்.

பத்தாவது படிக்கும்போது செல்போன் பறித்த கேஸ். வண்டியை ஓட்டினது நான், பறித்தது பின்னால் இருந்தவன். கூர்நோக்கு இல்லத்துக்குள் போன அன்றைக்கு ராத்திரி முதலில் கேட்டது பெயர் இல்லை. “என்ன கேஸ்?” என்று கேட்டான் ஒருத்தன். “செல்போன்” என்றேன். திரும்பிப் படுத்துவிட்டான். எனக்கு அடுத்து வந்தவனிடம் கேட்டார்கள், “307” என்றான். உடனே எழுந்து உட்கார்ந்து அவனுக்கு இடம் விட்டார்கள். (கொலை முயற்சிக்கு அப்போது அந்த நம்பர், இப்போது நம்பரெல்லாம் மாறிவிட்டது என்கிறார்கள்.) யார் முதலில் குளிப்பது, யாருக்கு ஜன்னல் பக்கம், எல்லாம் அந்தக் கணக்குதான். திருட்டுக் கேஸ்காரன் கக்கூஸ் கழுவணும். அதனால் நான் என்ன செய்தேன் தெரியுமா? இரண்டாவது வாரமே “வெளியில ஒருத்தனக் குத்திட்டேன், அது போலீசுக்குத் தெரியாது” என்று கதை விட்டேன். செய்யாத ஒன்றைச் சொல்லி மரியாதை வாங்கினேன். வெளியே வந்தபோது அந்தக் கதையும் கூடவே வந்துவிட்டது. அதைக் கேட்டவன் ஒருத்தன் எங்கள் ஏரியாவுக்கே தேடி வந்து “ஒரு சம்பவம் இருக்கு, வர்றியா” என்றான்.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கவில்லை. “வேற பிள்ளைங்க கெட்டுப்போகும்” என்று வாசலிலேயே அம்மாவிடம் சொன்னார்கள். தெருவில் எது காணாமல் போனாலும் போலீஸ் எங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை என்னோடு பேச விட மாட்டார்கள். சரி, என்னை மதிக்கிறவன் அவன் ஒருத்தன்தான் என்று போகத்தான் இருந்தேன்.

ஒரு மெக்கானிக் அண்ணன் கூப்பிட்டுக் கடையில் நிறுத்தினார். அறிவுரையெல்லாம் சொல்லவில்லை. முதல் மாசமே கல்லாச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனார். கடையில் இருந்தவர் “அவன்கிட்டயா?” என்று கேட்டது என் காதில் விழுந்தது. “ஏன், நம்ம பையன்தான்” என்றார். அந்தக் கூப்பிட வந்தவனிடம் நான் “கடையில ஆளில்ல, வர முடியாது” என்று சொல்லி அனுப்பினேன். பயமாக இருக்கிறது என்று சொல்ல முடியாது, கேவலம். கடை இருக்கிறது என்று சொல்ல முடிந்தது.

அந்த அக்கா கேட்டது நியாயமான கேள்வி. நான் போன் பறித்தது ஒரு நர்ஸிடம். அந்த அம்மா கீழே விழுந்தார்கள். அது எனக்கு இன்னும் இருக்கிறது.

சமூகப்பணித் துறை

பஞ்சர் கடைத் தம்பி எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. பல வருஷ ஆய்வுகள் சொல்வதை அவர் ஒரு பதிவில் சொல்லிவிட்டார்.

1938-இல் அமெரிக்காவில் டானன்பாம் என்பவர் இதைத்தான் எழுதினார்: பையன் செய்த காரியத்தைக் கெட்டது என்று சொல்லத் தொடங்கும் ஊர், போகப்போகப் பையனையே கெட்டவன் என்று சொல்லும். விசாரிப்பது, தனியாக நிறுத்துவது, எச்சரிப்பது, சுட்டிக்காட்டுவது என்று சுற்றியிருப்பவர்கள் செய்யும் ஒவ்வொன்றும் அவனை அந்த உருவத்துக்குள் தள்ளும். பின்னால் வந்த பெக்கர் போன்ற சமூகவியலாளர்கள் இதை விரித்து எழுதினார்கள்.

இன்னொன்று, உதவி செய்யப்போய் உபத்திரவமான கதை. பாஸ்டன் நகரை ஒட்டி 1939-இல் தொடங்கி 506 பையன்களை இரண்டு பாதியாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு ஆலோசகர், டியூஷன், மருத்துவம், கோடை முகாம் என்று வருஷக்கணக்கில் உதவி. மறு பாதிக்கு எதுவும் இல்லை. முப்பது வருஷம் கழித்து ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர் அவர்களைத் தேடிப் பார்த்தார். உதவி பெற்ற பையன்கள் பல விஷயங்களில் மோசமாகியிருந்தார்கள். ஒரு தடவைக்கு மேல் கோடை முகாமுக்குப் போனவர்களின் நிலைதான் ரொம்ப மோசம். சேட்டைக்காரப் பையன்களை ஒன்றாகச் சேர்த்து வைத்தால் ஒருவனுக்கு ஒருவன் கைதட்டுவான். தம்பி சொன்ன அந்த முதல் ராத்திரி அதுதான்.

2005-இல் கார்ட்னர், ஸ்டைன்பெர்க் என்ற உளவியலாளர்கள் இருவரும் ஒரு கார் ஓட்டும் கணினி விளையாட்டை வைத்துப் பார்த்தார்கள். தனியாக ஆடும்போது 13 முதல் 16 வயசுப் பிள்ளைகளும் பெரியவர்களும் எடுக்கும் அபாயத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டு நண்பர்கள் பக்கத்தில் நின்றால் பிள்ளைகளின் அபாயம் எக்கச்சக்கமாக ஏறியது. பெரியவர்களிடம் மாற்றமே இல்லை.

நம்பிக்கை தருகிற ஒரு விஷயமும் உண்டு. இந்த வயசில் தப்புச் செய்கிறவர்களில் பெரும்பாலானவர்கள் இருபதுகளில் தானாகவே விட்டுவிடுகிறார்கள் என்று உளவியலாளர் டெரி மொஃபிட் 1993-இல் எழுதினார். வேலை வரும், கல்யாணம் வரும், வேறு ஆளாகிவிடுவார்கள். அதற்குள் அவர்கள் மேல் அழியாத முத்திரை குத்திவிடாமல் இருந்தால் போதும்.

பொருநைக்கரை வாத்தியார்

சமூகப்பணித் துறைக்காரர் சொன்னதில் பாதியை ஏற்கிறேன். பஞ்சர் கடைத் தம்பிக்கு அது அப்படியே பொருந்துகிறது. ஊர் ஒதுக்கியது, ஒதுக்கப்பட்டவர்கள் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் தென்மாவட்டத்துப் பையனுக்கு அது பொருந்தாது. இதை நாம் கலந்துவிடக் கூடாது.

கயிறு கட்டிய பையனை அவன் ஊர் ஒதுக்கவில்லை. அவன் வீட்டில் அவன் நல்ல பிள்ளை. கோயில் கொடைக்கு நன்கொடை பிரிப்பான், பெரியவர்களைப் பார்த்தால் எழுந்து நிற்பான். அவனுக்கு ‘குற்றவாளி’ என்ற பெயர் யாரும் வைக்கவில்லை, ‘நம்ம ரத்தம்’ என்று வைத்தார்கள். இன்னொரு தெருப் பையன் நல்ல மார்க் வாங்கினால், புதுச் சட்டை போட்டால், எதிர்த்துப் பேசினால், அது தன் தெருவுக்கே அவமானம் என்று அவனுக்குச் சின்ன வயசிலிருந்து சாப்பாட்டோடு சேர்த்து ஊட்டியிருக்கிறார்கள். அரிவாளை எடுக்கும்போது அவன் சட்டத்தை மீறுவதாக நினைக்கவில்லை, கடமையைச் செய்வதாக நினைக்கிறான். 1957-இல் சைக்ஸ், மாட்ஸா என்ற இருவர், தப்புச் செய்யும் பிள்ளைகள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் சமாதானங்களைப் பட்டியல் போட்டார்கள். அதில் ஒன்று, ‘என் ஆட்களுக்காகச் செய்தேன்’ என்பது. இங்கே பையன் அந்தச் சமாதானத்தைத் தானாக யோசிக்க வேண்டியதே இல்லை. பெரியவர்கள் முன்கூட்டியே தயார் செய்து கொடுத்துவிடுகிறார்கள். கைதானதும் வக்கீல் செலவுக்கு ஊரே வரி போடும்.

அதனால்தான் ‘கூடா நட்பு’ என்று எழுதுவது எனக்குக் கோபம் தருகிறது. ஊரே கூடி நிற்கும்போது நட்பை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

நியாயம் கேட்பவள்

சார், இதைத்தான் நான் எதிர்பார்த்தேன். பையனைப் புரிந்துகொள்வது என்ற பெயரில் பெரியவர்கள் தப்பித்துவிடுகிறார்கள் என்பதுதான் என் வலி.

நாங்குநேரிக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கலர்க் கயிறு, மோதிரம், நெற்றிப்பொட்டு போன்ற சாதி அடையாளங்களுக்குத் தடை, பள்ளிப் பெயர்களில் இருக்கும் சாதியை நீக்குவது, அந்தப் பகுதியில் ஆதிக்கமாக இருக்கும் சாதியைச் சேர்ந்தவரை அங்கே தலைமையாசிரியராகப் போடாமல் இருப்பது என்றெல்லாம் பரிந்துரை. வந்த உடனே எத்தனை எதிர்ப்பு! 2019-இலேயே கயிற்றுக்கு எதிராகப் பள்ளிக் கல்வித் துறையிலிருந்து சுற்றறிக்கை வந்தது, எதிர்ப்புக் கிளம்பியதும் அடங்கிப்போனது. பிள்ளைகள் கையில் கயிறு வேண்டும் என்று சண்டை போட்டவர்கள் எல்லாம் வயசானவர்கள். அவர்கள் மேல் ஒரு வழக்கு உண்டா?

பஞ்சர் கடைத் தம்பி, நீ அந்த நர்ஸைப் பற்றி எழுதியதைப் படித்தேன். நன்றாக இரு.

மதுரை அம்மா

எல்லோரும் படித்தவர்களாக இருக்கிறீர்கள். எனக்கு ஒன்று கேட்க வேண்டும். என் பையனுக்குப் பதினைந்து. ஆறு மாசமாகப் பேச்சே மாறிவிட்டது. ராத்திரி பத்து மணிக்கு “மாப்ள கீழ வா” என்று ஹாரன் சத்தம் கேட்கும். போனில் கத்தியோடு யாரோ நிற்கிற வீடியோ ஸ்டேட்டஸ். போன வாரம் பள்ளியில் ஒரு அடிதடி. டிசி வாங்கிக்கொண்டு போங்கள் என்கிறார்கள். ஸ்டேஷனிலிருந்து ஒருவர் வந்து விசாரித்துவிட்டுப் போனார். வீட்டுக்காரர் பெல்ட்டால் அடிக்கிறார். அடித்த மறுநாள் இன்னும் லேட்டாக வருகிறான். நான் என்ன செய்யட்டும்?

பஞ்சர் கடை

அம்மா, முதலில் அந்தப் பெல்ட்டை நிறுத்தச் சொல்லுங்கள். அடி வாங்கியதைக்கூட அவன் அங்கே போய்க் கெத்தாகத்தான் சொல்வான். ஹாரன் அடிக்கிறவன் யார் என்று பாருங்கள். கூட்டத்தில் ஐந்து பேர் இருந்தால் ஒருத்தன்தான் உண்மையில் ஆபத்து. மிச்சம் பேர் உங்கள் பையன் மாதிரி மாட்டிக்கொண்டவர்கள். அவர்களில் ஒருத்தனை வீட்டுக்குள் கூப்பிட்டுச் சாப்பாடு போடுங்கள், அவன் அம்மாவிடம் பேசுங்கள். இரண்டு பேர் சேர்ந்து வெளியே வருவது லேசு. தனியாக வந்தால் ‘பயந்தாங்கொள்ளி’ என்று பெயர் வந்துவிடும், அதுக்காகவே வர மாட்டான். லீவு நாளில் ஏதாவது கைவேலைக்குப் பழக அனுப்புங்கள். சம்பளத்துக்காகச் சொல்லவில்லை. “கடையில இருக்கேன்” என்று சொல்லிக்கொள்ள ஒரு இடம் வேண்டும்.

சமூகப்பணித் துறை

தம்பி சொன்னதோடு இதையும் செய்யுங்கள் அம்மா. 1098-ஐக் கூப்பிட்டால் சிறார் உதவி மையம் பேசும். உங்கள் மாவட்டத்திலேயே மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு இருக்கிறது, அங்கே ஆற்றுப்படுத்துநரை, அதாவது கவுன்சிலரைப் பார்க்கலாம். அவனை மட்டும் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள். வீட்டுக்காரரையும் கூட்டிப் போங்கள், இல்லாவிட்டால் ‘என்னைத்தான் பைத்தியம் என்று சொல்கிறார்கள்’ என்று நினைப்பான்.

உயர்நீதிமன்ற வளாகம்

அம்மா, சட்டப் பக்கம் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: பதினெட்டு ஆகாத பையனை லாக்கப்பில் வைக்கக் கூடாது, விலங்கு போடக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். கொடுங்குற்றமாக இல்லாமல், பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகவும் இல்லாமல் இருந்தால் எஃப்.ஐ.ஆரே போடக் கூடாது, ஸ்டேஷன் நாட்குறிப்பில் பதிந்து சமூகப் பின்னணி அறிக்கையோடு குழுமத்துக்கு அனுப்ப வேண்டும் என்று விதி இருக்கிறது. ஸ்டேஷனுக்கு அழைத்தால் தனியாக அனுப்பாதீர்கள், நீங்களும் போங்கள். அங்கே குழந்தைகள் நலக் காவல் அலுவலர் யார் என்று கேளுங்கள். அவன் பெயரோ படமோ எந்தச் செய்தியிலும் வரக் கூடாது, யாராவது வாட்ஸாப்பில் போட்டால் அதுவும் பிரிவு 74-இன்படி குற்றம். ஒருவேளை வழக்கே வந்து முடிந்தாலும், பிரிவு 24-இன்படி அது அவன் வேலைக்கோ படிப்புக்கோ தடையாக நிற்கக் கூடாது. பதினைந்து வயசுதான் என்பதால் அந்தப் பாதுகாப்பு முழுசாக உண்டு. வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாகத் தரும்.

இப்போதைக்கு அவசரம் டிசிதான். பள்ளியை விட்டு வெளியே வந்துவிட்டால் பகல் முழுக்க அவன் அந்த ஹாரன்காரனோடுதான் இருப்பான். பெற்றோர் விருப்பத்தின்பேரில் டிசி என்று எழுதி நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். பையன் மேல் என்ன புகார் என்று எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் மாவட்டக் கல்வி அலுவலருக்கு மனு எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மனு எழுதத் தெரியாவிட்டால் எனக்குத் தனிச்செய்தியில் விவரம் அனுப்புங்கள், இன்று இரவே எழுதித் தருகிறேன்.